முதலாளி அறையில் தொடங்கும் வேலை

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஓர் அணி ஆண்டுக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருப்பது இயல்பாக நடக்கக்கூடிய காரியம் அல்ல. அந்த லீகின் விதிகள் பெரும்பாலும் தோற்றவனைத் தூக்கிவிடுவதற்காகவே எழுதப்பட்டவை. கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 1936 முதல் நடக்கிறது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணி வரிசையின் கடைசியில் நிற்கும். ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். இங்கே புதியவரை யாரும் விலை பேசி எடுப்பதில்லை. முறை வந்தவர் பெயர் சொல்கிறார், அவ்வளவுதான். 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. அந்த ஆண்டு அணிக்கு 3.46 கோடி டாலராக இருந்தது, 2024-இல் 25.54 கோடி டாலர். தேசியத் தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. 17 ஆட்டங்களில் மூன்றை முந்தைய ஆண்டு தன்னைப் போலவே அந்தந்தப் பிரிவில் அதே இடத்தில் முடித்த அணிகளோடு ஆடும்படி அட்டவணை போடுகிறார்கள். ஆக, கடைசி இடத்தில் இருப்பவனுக்கு நல்ல ஆள் முதலில், மற்றவர்களுக்குச் சமமாகப் பணம், கொஞ்சம் இலகுவான எதிரிகள். இவ்வளவும் கிடைத்தும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓர் அணி எழுந்திருக்கவில்லை என்றால் காரணத்தை ஆடுகளத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

ஒப்பந்தங்களையும் உச்சவரம்பையும் கணக்குப் பார்ப்பது என் தொழில். இந்த மேசையில் உட்கார்ந்தால் அணியை ஆட்டக்காரர்களின் கூட்டமாகப் பார்க்கும் பழக்கம் போய்விடும். யார் ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது என்ற கட்டங்களாகத்தான் தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. வீழ்ந்த அணியைக் கட்டி எழுப்புவதில் கிடைக்காத சரக்கு திறமையோ பணமோ டிராஃப்ட் வாய்ப்போ அல்ல. அவற்றை லீகே பங்கிட்டுத் தந்துவிடுகிறது. லீக் பங்கிட முடியாதது ஒன்றுதான்: ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஜெனரல் மேனேஜரும் அவரை ஆட வைக்கும் தலைமைப் பயிற்சியாளரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே திட்டத்தில் நம்பிக்கை வைத்து, அந்தத் திட்டம் பலன் தரும்வரை நாற்காலியில் இருப்பது. அதைத் தர வேண்டியவர் உரிமையாளர். அவரை ஏலத்தில் மாற்ற முடியாது, டிராஃப்டில் எடுக்கவும் முடியாது.

ஏன் காலம் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒப்பந்த விதியிலேயே விடை இருக்கிறது. 2010-இல் டிராஃப்டின் முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டுக்குச் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் உறுதியளித்த தொகை மட்டும் 5 கோடி டாலர். அடுத்த ஆண்டு தொழிலாளர் ஒப்பந்தம் மாறி, புதியவர்களுக்கு நிர்ணயச் சம்பளம் வந்தது. 2011-இன் முதல் ஆளான கேம் நியூட்டன் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து வாங்கியது சுமார் 2.2 கோடிதான். அன்றிலிருந்து வீழ்ந்த அணியின் மிகப் பெரிய சொத்து இந்த மலிவான நான்கு ஆண்டுகள். நல்ல ஆளை அடிமாட்டு விலைக்கு வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளும் யாருக்காகவும் நிற்பதில்லை. பயிற்சியாளர் இரண்டாவது ஆண்டில் மாறினால் பாதிச் சொத்து கரைந்தது என்று அர்த்தம். மாறி வருபவர் பழைய ஆட்களை அப்படியே பயன்படுத்தினால் பரவாயில்லை. அதுதான் நடப்பதில்லை. இந்த ஆட்டத்தில் தேர்வு என்பதே முறை சார்ந்தது. பக்கவாட்டில் நகர்ந்து தடுக்கும் முறைக்கு முன்வரிசையில் கால் வேகமுள்ள, எடை சற்றுக் குறைந்த தடுப்பாளர் வேண்டும். நேரே மோதித் தள்ளும் முறைக்குக் கனத்த ஆள் வேண்டும். ஒருவர் அளவுக்கு வெட்டிய துணியை இன்னொருவருக்குத் தைத்துக் கொடுக்கும் கதைதான் இது. புதிய பயிற்சியாளர் வந்த ஓராண்டுக்குள் பழைய தேர்வுகள் பெஞ்சுக்குப் போகும், பிறகு வேறு அணிக்கு ஓர் ஐந்தாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பின் விலைக்குப் போகும். வெளியே இருப்பவர்கள் இதை மோசமான தேர்வு என்று எழுதுவார்கள். பல நேரம் தேர்வு மோசமில்லை, தேர்ந்தவர்தான் போய்விட்டார்.

க்ளீவ்லண்ட் பிரௌன்ஸ் இதற்குப் பாடப்புத்தகம். 2016-இல் சாஷி பிரௌன் கையில் அணி நிர்வாகம் வந்தது. பேஸ்பால் உலகில் புள்ளிவிவரத்தால் பெயர் பெற்ற பால் டிபொடெஸ்டாவையும் அமர்த்தினார்கள். திட்டம் எளிது: இப்போது தோற்போம், டிராஃப்ட் வாய்ப்புகளைக் குவிப்போம். அந்த ஆண்டே 14 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2017-இல் ஹூஸ்டனுக்குச் சுமையாகிவிட்ட பிராக் ஆஸ்வைலரின் 1.6 கோடி டாலர் சம்பளத்தைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு, அதற்குக் கூலியாக ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பை வாங்கினார்கள். உச்சவரம்பில் காலியாக இருந்த இடத்தை நேரடியாக ஆளாக மாற்றிய அந்தப் பேரம் என் போன்றவர்களுக்கு இன்றும் ரசனைக்குரியது. ஆனால் களத்தில் 2016-இல் ஒரே வெற்றி. 2017-இல் 16 ஆட்டத்திலும் தோல்வி. 1 வெற்றி, 27 தோல்வி என்றிருந்த டிசம்பரில் சாஷி பிரௌனை அனுப்பிவிட்டார்கள். பயிற்சியாளர் ஹ்யூ ஜாக்சனை மட்டும் வைத்துக்கொண்டார்கள்! இந்தப் பாதி மாற்றம்தான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு. குவித்து வைத்த வாய்ப்புகளை அடுத்து வந்த ஜான் டோர்சி 2018-இல் செலவழித்தார்: முதல் தேர்வில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட், ஹூஸ்டனிடமிருந்து வந்த நான்காவது தேர்வில் டென்சல் வார்ட், ஆஸ்வைலர் பேரத்தில் வந்த 35-ஆவது தேர்வில் நிக் சப். மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள், தேர்வில் குறையே இல்லை. ஆனால் மேஃபீல்டின் மலிவான நான்கு ஆண்டுகளில் அவர் கண்ட தலைமைப் பயிற்சியாளர்கள் நான்கு பேர்: ஜாக்சன், அந்த சீசனின் நடுவிலேயே இடைக்காலமாக வந்த கிரெக் வில்லியம்ஸ், ஒரே ஆண்டில் போன ஃப்ரெடி கிச்சன்ஸ், பிறகு கெவின் ஸ்டெஃபான்ஸ்கி. டோர்சியும் கிச்சன்ஸோடு போய்விட்டார். ஸ்டெஃபான்ஸ்கியின் முதல் ஆண்டான 2020-இல் 11 வெற்றி, பிட்ஸ்பர்க் மண்ணில் ஒரு பிளேஆஃப் வெற்றி. அப்போது தெரிந்தது, கூட்டல் கணக்கு ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று. ஒரு சறுக்கல் ஆண்டு வந்ததும் 2022 மார்ச்சில் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து, 23 கோடி டாலரை முழுவதும் உறுதியளித்து, ஹூஸ்டனிலிருந்து குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை வாங்கினார்கள். வந்த சீசனிலேயே அவருக்கு 11 ஆட்டத் தடை, பிறகு காயங்கள். மூன்று சீசன்களில் ஆடியது 19 ஆட்டம். 2024-இல் அணி 3 வெற்றி, 14 தோல்வியில் வந்து நின்றது.

டெட்ராய்ட் லயன்ஸ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒரே திட்டம். டெட்ராய்ட் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957-இல். 2008-இல் 16 ஆட்டத்திலும் தோற்ற முதல் அணி அதுதான். 2020-இல் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் தாயாரிடமிருந்து உரிமையாளர் பொறுப்பை ஏற்றார். 2021 ஜனவரியில் ராம்ஸ் அணியில் கல்லூரி ஸ்கவுட்டிங் பிரிவை நடத்திய பிராட் ஹோம்ஸ் ஜெனரல் மேனேஜர் ஆனார், டேன் கேம்பெல் பயிற்சியாளர் ஆனார். கேம்பெலுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம். அந்த மாதமே பன்னிரண்டு ஆண்டு உழைத்த குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் கொடுத்து, ஜாரெட் காஃபையும் 2022, 2023 முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் வாங்கினார்கள். காஃப் அப்போது எல்லார் கணக்கிலும் இடைக்கால ஆள். முதல் தேர்வில் ஹோம்ஸ் எடுத்தது முன்வரிசைத் தடுப்பாளரான பெனே சீவல். டிக்கெட் விற்க உதவாத தேர்வு. நான்காம் சுற்றில் 112-ஆவது ஆளாக அமோன்-ரா செயின்ட் பிரௌன். இங்கே கவனிக்க வேண்டியது, முந்தைய நிர்வாகம் எடுத்து வைத்திருந்த டேலர் டெக்கரையும் ஃப்ராங்க் ராக்னோவையும் ஹோம்ஸ் விற்கவில்லை. எல்லாவற்றையும் இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்வரிசை நின்றால் குவார்ட்டர்பேக்கையும் சரியாக எடைபோட முடியும். அது சரிந்தால் எவ்வளவு பெரிய குவார்ட்டர்பேக்கும் தரையில் கிடப்பார், அவர் நல்லவரா கெட்டவரா என்றே தெரியாது.

முதல் ஆண்டு 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன். இரண்டாம் ஆண்டின் ஏழு ஆட்டங்களில் ஒரே வெற்றி. க்ளீவ்லண்டில் ஆள் மாறிய தருணம் இதுதான். 1 வெற்றி, 5 தோல்வியில் இருந்தபோது ஹாம்ப் பத்திரிகையாளர் முன் வந்து, இந்தக் கட்டுமானத்தில் நம்பிக்கை குறையவில்லை என்று சொன்னார். சும்மா பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முந்தைய சீசனிலேயே நகர்வுகளை முடிவுசெய்யும் பொறுப்பைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கேம்பெல் எடுத்துக்கொண்டார். சீசன் முடிந்ததும் அந்த ஒருங்கிணைப்பாளர் விலகினார், அந்த இடத்துக்கு உள்ளிருந்தே பென் ஜான்சன் வந்தார். ஆறாவது தோல்விக்கு மறுநாள் தடுப்பின் பின்களப் பயிற்சியாளரை நீக்கினார்கள். அடுத்த நாளே ஆட்டக்காரர் டி.ஜே. ஹாக்கின்சனை மினசோட்டாவுக்கு விற்றார்கள். மேலே இருவர் அசையவில்லை, கீழே எல்லாம் அசைந்தது. மிச்சப் பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றி. 2023-இல் 12 வெற்றியோடு 1993-க்குப் பின் முதல் முறையாகப் பிரிவுச் சாம்பியன். 2024 ஜனவரியில், முப்பத்திரண்டு ஆண்டுக்குப் பின் முதல் பிளேஆஃப் வெற்றி, 24-23. தோற்று நின்றவர் ராம்ஸுக்கு ஆடிய ஸ்டாஃபோர்ட். 2024-இல் 15 வெற்றி, 2 தோல்வி.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு எப்போதும் ஒன்றுதான்: எல்லாம் குவார்ட்டர்பேக், அவன் கிடைத்தால் எழலாம், கிடைக்காவிட்டால் இல்லை, மற்றதெல்லாம் பேச்சு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த இடத்துக்கு இணையான இடம் இந்த விளையாட்டில் வேறு கிடையாது. ஆனால் அந்த மனிதனை எங்கிருந்து கொண்டு வருகிறார்கள் என்று பார்ப்போம். காஃப் 2016-இன் முதல் தேர்வு. ராம்ஸ் அவரை ஒதுக்கித் தள்ளியது. மேஃபீல்ட் 2018-இன் முதல் தேர்வு. க்ளீவ்லண்ட் கைவிட்ட பின் டாம்பாவில் 2023, 2024 இரண்டு சீசனும் பிரிவுச் சாம்பியன். அதே 2018-இல் மூன்றாவதாகத் தேர்வான சாம் டார்னல்டை நியூயார்க் ஜெட்ஸ் மூன்றே ஆண்டில் விற்றது. 2024-இல் அவரை வைத்து மினசோட்டா 14 ஆட்டம் வென்றது. ஒரே ஆள்தான், வீடு மட்டும் மாறியது. கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்ட் பற்றி எழுதிய ஆய்வு இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னதாகத் தேர்வானவர், அடுத்துத் தேர்வானவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு ஏறக்குறைய 52 சதவீதம்தான் என்று அவர்கள் கண்டார்கள். கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். அப்படியென்றால் சரியான ஆளைக் கண்டுபிடிக்கும் ஞானத்தின்மேல் ஒரு மறுகட்டுமானத்தை நிறுத்த முடியாது. கிடைத்த ஆள் வளர்வதற்கான இடத்தை அமைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது, அதற்கோ ஆண்டுகள் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. வென்றவர்களை யார் நீக்குவார்கள்? நிலைத்திருப்பது வெற்றியின் விளைவே தவிர அதன் காரணம் அல்ல என்கிறார்கள். பிட்ஸ்பர்க் 1969 முதல் 2024 வரை மூன்றே தலைமைப் பயிற்சியாளர்களை வைத்திருந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஆமாம், வென்றுகொண்டிருந்தார்கள் என்ற பதில் தயாராக இருக்கும். அதனால் முடிவைப் பார்க்காமல், முடிவெடுத்த நாளைப் பார்க்கிறேன். பிட்ஸ்பர்க்கில் சக் நோல் தன் முதல் மூன்று சீசனில் வென்றது 42-இல் 12 ஆட்டம். சான் ஃபிரான்சிஸ்கோவில் பில் வால்ஷ் முதல் இரண்டு சீசனில் 32-இல் 8, மூன்றாவதில் கோப்பை. அதே அணியில் 2017-இல் பயிற்சியாளர் கைல் ஷனஹனும் ஜெனரல் மேனேஜர் ஜான் லிஞ்சும் ஆளுக்கு ஆறாண்டு ஒப்பந்தத்தோடு ஒன்றாக வந்தார்கள், முதல் ஒன்பது ஆட்டமும் தோல்வி, இரண்டு சீசனில் 32-இல் 10. மூன்றாம் ஆண்டு சூப்பர் பவுல் களத்தில் நின்றார்கள். கேம்பெல் தன் முதல் 24 ஆட்டங்களில் வென்றது 4. இவர்களை வைத்துக்கொள்ள முடிவெடுத்த அன்று கையில் வெற்றி என்று எதுவும் இல்லை. உரிமையாளர்கள் வேறெதையோ பார்த்திருக்கிறார்கள்.

அந்த வேறெதுவைச் சொல்லாமல் பொறுமையைப் புகழ்வது ஆபத்து. இதற்கும் டெட்ராய்டே சாட்சி. அதே ஃபோர்ட் குடும்பம், 2001 முதல் 2008 செப்டம்பர் வரை மேட் மில்லனைத் தலைவராக வைத்துக்கொண்டிருந்தது. அவர் காலத்துக் கணக்கு 31 வெற்றி, 84 தோல்வி. 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று முதல் சுற்றிலும் ஓடிப் பந்து பிடிப்பவரையே எடுத்தார். பயிற்சியாளர்களோ வந்தவண்ணமும் போனவண்ணமும் இருந்தார்கள். ஆக, நாற்காலி நிலைத்தது, திட்டம் நிலைக்கவில்லை. மில்லன் காலத்தையும் ஹோம்ஸ் காலத்தையும் பிரித்துக் காட்டுவது தோல்விகளின் எண்ணிக்கை அல்ல, அவற்றின் உள்ளடக்கம். 2022-இல் அந்த ஆறு தோல்விகளைப் பிரித்துப் பாருங்கள்: 3, 4, 3, 29, 18, 4 புள்ளி வித்தியாசம். நான்கு ஆட்டங்கள் கடைசிவரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை. அதில் இரண்டு ஆட்டங்களில் 35, 45 என்று புள்ளி எடுத்தும் தோற்றிருக்கிறார்கள். தாக்குதல் பக்கம் கட்டி முடிந்துவிட்டது, தடுப்புப் பக்கம் இன்னும் இல்லை என்று இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லாது. இரண்டாம் ஆண்டு ஆட்டக்காரர்கள் முதல் ஆண்டைவிட வளர்ந்திருக்கிறார்களா, நடுச் சுற்றுகளில் எடுத்தவர்கள் களத்தில் இருக்கிறார்களா, ஜெனரல் மேனேஜர் எடுத்த ஆளைப் பயிற்சியாளர் மறுப்பின்றி ஆட வைக்கிறாரா என்பவையே பார்க்க வேண்டியவை. ஹ்யூ ஜாக்சன் போவதற்கு முன் எட்டிய 3 வெற்றி, 36 தோல்வி, 1 சமன் என்ற கணக்கை இந்தக் கேள்விகளில் எதைக் கேட்டாலும் காப்பாற்றியிருக்க முடியாது. நான் பரிந்துரைப்பது குருட்டுப் பொறுமையை அல்ல.

ஹூஸ்டனைக் காட்டி என்னை மடக்க நினைப்பவர்கள் உண்டு. 2021-இல் ஒரு பயிற்சியாளர், ஓராண்டில் நீக்கம். 2022-இல் இன்னொருவர், ஓராண்டில் நீக்கம். 2023-இல் டெமெக்கோ ரையன்ஸ் வந்து, குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌடை எடுத்து, 10 வெற்றியோடு பிளேஆஃபுக்குப் போய் அங்கே க்ளீவ்லண்டையே 45-14 என்று நொறுக்கினார்கள். நிலைத்தன்மை எங்கே? ஜெனரல் மேனேஜர் நாற்காலியில். 2021 ஜனவரியில் வந்த நிக் கசேரியோ அசையவில்லை. வாட்சனை விற்று வந்த வாய்ப்புகளை அவரேதான் செலவழித்தார். 2023-இன் மூன்றாவது தேர்வுக்கு ஏறி வில் ஆண்டர்சனை எடுக்க அவர் அரிசோனாவுக்குக் கொடுத்தவற்றில் க்ளீவ்லண்டிடமிருந்து வந்த 12-ஆவது தேர்வும் உண்டு. அரிசோனா அதை டெட்ராய்டிடம் தள்ளியது. டெட்ராய்ட் அதில் ஜமீர் கிப்ஸை எடுத்தது. க்ளீவ்லண்டின் ஓர் அவசரம் இரண்டு அணிகளைப் போஷித்திருக்கிறது. ஆனாலும் ஹூஸ்டன் வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு பேரின் ஒப்பந்தத்தை ஓராண்டிலேயே முறிப்பதற்குச் செலவு உண்டு, ஆட்டக்காரர்களுக்கு மூன்று ஆண்டில் மூன்று பாடத்திட்டம். வாஷிங்டன் 2023-இல் 4 வெற்றி, அடுத்த ஆண்டே 12 வெற்றி என்று எழுந்ததையும் சொல்வார்கள். அங்கே குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸுக்கு முன்பே மாறியது உரிமையாளர். 1999 முதல் இருந்த டேன் ஸ்னைடர் 2023-இல் 605 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார். என் வாதத்துக்கு இதைவிட வசதியான எதிர்ச்சான்றை யாரும் தர முடியாது.

அவசரத்தின் விலை உச்சவரம்புக் கணக்கிலும் விழுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது கொடுக்கும் போனஸை ஐந்து ஆண்டுவரை பிரித்து எழுதலாம். ஆளை இடையில் அனுப்பினால் எழுதாமல் விட்ட பங்கு மொத்தமும் முன்னால் வந்து நிற்கும். டெட் கேப் என்று இதைச் சொல்கிறோம். ஆடாதவனுக்குப் போகும் பணம். டென்வர் 2024-இல் ரஸல் வில்சனை விடுவித்தபோது இரண்டு ஆண்டுகளில் 8.5 கோடி டாலர் அப்படிச் செத்தது. உச்சவரம்பு எல்லாருக்கும் சமம் என்பது காகிதத்தில்தான். அடிக்கடி மனம் மாறும் உரிமையாளர் தன் உச்சவரம்பைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

கட்டி முடித்தவனுக்கு வரும் தொல்லை வேறு மாதிரி. சீவலும் செயின்ட் பிரௌனும் 2024 ஏப்ரலில் ஒரே நாளில் நான்காண்டு நீட்டிப்பு பெற்றார்கள், ஒருவருக்கு 11.2 கோடி, மற்றவருக்கு 12 கோடி. அடுத்த மாதம் இடைக்கால ஆளாக வந்த காஃபுக்கு 21.2 கோடி. மலிவான ஆண்டுகள் முடிந்தன. 2025 ஜனவரியில் பென் ஜான்சனைச் சிகாகோவும், தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஆரன் க்ளென்னை ஜெட்ஸும் தலைமைப் பயிற்சியாளராகக் கொண்டு போயின. ஜெட்ஸ் 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் காணாத அணி; சிகாகோ அதற்கு முந்தைய நவம்பரில்தான் தன் வரலாற்றிலேயே முதல் முறையாகச் சீசனின் நடுவில் பயிற்சியாளரை நீக்கியிருந்தது. இரு அணிகளும் டெட்ராய்டின் ஒரு துண்டை வாங்கின. அந்தத் துண்டோடு சேர்த்து எதை வாங்க வேண்டும் என்று சிகாகோவுக்குப் புரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2025 ஜூலையில் தன் ஜெனரல் மேனேஜர் ரையன் போல்ஸின் ஒப்பந்தத்தை 2029 சீசன் முடியும்வரை நீட்டித்தது. ஜான்சனின் ஒப்பந்தமும் அதே சீசனோடுதான் முடிகிறது.